மாசிமோ போனினி நாட்டுக்காக 19 ஆட்டம்தானா?

கேள்வி: இத்தாலியக் கால்பந்து கிளப் யுவென்டஸோடு 1985 ஐரோப்பியக் கோப்பை வென்றவர். தன் குட்டி நாடான சான் மரினோவுக்கு இவ்வளவு குறைவாக ஆடியது ஏன்?

பதில்: ஆட அணியே இல்லையே! சான் மரினோ ஃபிஃபாவில் சேர்ந்தது 1988-ல். முதல் தகுதிச்சுற்று ஆட்டம் 1990 நவம்பரில், சுவிட்சர்லாந்திடம் 0-4. அப்போது போனினிக்கு வயது 31. முன்பு இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினார். இத்தாலி சீனியர் அணியில் ஆடுவதற்காகச் சான் மரினோ குடியுரிமையை விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

பதில்: கோல் கணக்கை வைத்து அவரை எடைபோடாதீங்க. யுவென்டஸில் பிரெஞ்சு நட்சத்திரம் பிளாட்டினி முன்னேறும்போது நடுக்களத்தில் ஓடி ஓடி இடைவெளியை அடைத்தவர் இவர்தான்.

கேள்வி கேட்டவர்: அப்போ 1993-ல் இங்கிலாந்துக்கு எதிராக 8.3 விநாடியில் கோல் போட்டது?

பதில்: அது இன்னொரு சான் மரினோ வீரர் டேவிடே குவால்டியேரி. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்தில் வேகமில்லை, நடுவில் புகுந்து அடித்துவிட்டார். முடிவு என்னவோ 1-7.