அக்காவை ஜெப வீட்டில் விடலாமா? குடியிலிருந்து மீண்டு வந்த பெண்கள் யாராவது சொல்லுங்கள்

தம்பிலுவில் தங்கச்சி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெயர் போடவில்லை, ஊர் சின்னது.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர். வந்த பிறகு நித்திரை இல்லை என்று பாமசியில் குளிசை வாங்கிப் போடத் தொடங்கினார். அத்தான் வேறு குடும்பத்தோடு போய்விட்டார். லோன்காரர்கள் கிழமைக்குக் கிழமை வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். சாராயம் எப்போது தொடங்கியது என்று எங்களுக்கே தெரியாது. வெறுந்தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஊற்றிக் குடித்தால் யார் கண்டது? இப்போது காலையில் எழும்பினால் கை நடுங்கி நெருப்புக்குச்சி தட்ட வராது. கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் அடுப்பு எரியும். மூத்தவள் ஓ.எல். பரீட்சை எடுக்கப் போகிறாள். சின்னவன் சின்னப் பிள்ளை.

நாங்கள் சைவம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அக்கா ஒரு சொட்டும் தொடமாட்டார். முந்தைய வருடங்களில் எப்படியோ சமாளித்தார். இந்த முறை கதவு திறந்த மறுநாளே வலிப்பு மாதிரி வந்து கிணற்றடியில் விழுந்துவிட்டார். அம்மன் சோதிக்கிறா என்று அம்மா திருநீறு போட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர், மட்டக்களப்புப் பக்கம் பெண்களுக்கு மட்டும் ஒரு ஜெப வீடு இருக்கிறது, மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள், காசு வாங்குவதில்லை என்கிறார். மாமா விடவே கூடாது என்கிறார். மதம் மாற்றிவிடுவார்களாம், வீடும் வளவும் அக்காவுக்குச் சீதனமாக எழுதியது என்பதால் அதையும் எழுதி வாங்கிவிடுவார்களாம். எனக்குப் பயம் வேறு. பிள்ளைகளை யார் பார்ப்பது, திரும்பி வந்தால் ஊர் என்ன கதைக்கும்? உண்மையில் இப்படியான இடங்களில் குடி விடுபடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெல்லாவெளியான்:

தங்கச்சி, எதற்கு ஜெப வீடு? மாமாங்கேஸ்வரருக்கு ஒரு நேர்த்தி வையுங்கள். என் சித்தப்பா காட்டுப்பாதையால் கதிர்காமம் நடந்து போய் வந்தவர், அதோடு விட்டார். இன்னொன்று, குடியை மறக்கடிக்கும் மருந்து என்று முகநூலில் விளம்பரம் வருகிறது. ஆளுக்குச் சொல்லாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் போதுமாம். எங்கள் ஊரில் ஒருவர் வாங்கியிருக்கிறார்.

வார்ட் மிஸ்ஸி:

மனநல வார்டில் வேலை செய்தவள் நான். நேர்த்தி வையுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சோற்றில் கலக்கும் கதையை இத்தோடு விடுங்கள். அந்த மாதிரிப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. டைசல்பிரம் என்று டொக்டர்மார் எழுதும் மருந்து ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். ஆள் அறிந்து, சம்மதித்து, குடிக்காமல் இருந்துதான் அதை எடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

தங்கச்சி, கிணற்றடியில் நடந்தது அம்மன் சோதனை இல்லை. தினமும் நிறையக் குடிக்கும் ஆள் சட்டென்று நிறுத்தினால் சில மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், புத்தி தடுமாறும், சிகிச்சை இல்லாவிட்டால் இறந்தும் போவார்கள். நித்திரைக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தினாலும் இதே கதைதான். உங்கள் அக்காவிடம் இரண்டும் இருக்கிறது, ஒரு தரம் வலிப்பும் வந்துவிட்டது. விரதம் என்றோ உபவாசம் என்றோ வீட்டில் வைத்து நிறுத்த விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, பி1 விற்றமின் ஊசியும் போட்டுத்தான் இறக்குவார்கள்.

பெண் உடம்பில் தண்ணீர் ஆணை விடக் குறைவு. அதனால் ஒரே அளவு குடித்தாலும் இரத்தத்தில் கூடுதலாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும். ஆகையால் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூரம் என்றால் முதலில் அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கிருந்து அனுப்புவார்கள். கதைத்துக் கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல இலக்கம் 1926. ஜெப வீடு நல்லதோ கெட்டதோ, அது அதற்குப் பிறகு.

கல்லடிக்காரி:

மிஸ்ஸி சொன்னதைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். அதற்கு மேலே நான் சொல்வது அந்த வீட்டுக்குள் இருந்தவள் கதை.

2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கம் யார் எதைக் குடித்துத் தூங்கினார்கள் என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. நான் குடித்தது கசிப்பு, களவாகக் காய்ச்சும் சாராயம். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

முதல் போன ஜெப வீட்டின் பெயரை எழுதமாட்டேன். வாசலிலேயே என் குளிசைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசுவாசம் இருக்கிறவளுக்குக் குளிசை எதற்கு என்று கேட்டார்கள். இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டு கிடந்தேன், பக்கத்தில் நாலு பேர் நின்று பிசாசே போ என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. தாங்கள் சாப்பிடாமல் எனக்குத் தந்தவர்களும் அதே ஆட்கள்தான். ஆனால் கொஞ்சம் தெளிந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக்கைக் கையில் தந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். யாரோ ஃபோனில் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். மகளுடைய பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆண்பிள்ளை நான் குடிகாரனாக இருந்தேன் என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். பெண் சொன்னால் அவள் மகளுக்கு வரும் சம்பந்தம் நின்றுபோகும். தங்கச்சி, மதம் மாற்றுவார்களா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: எங்கள் அக்காவை மேடை ஏற்றுவீர்களா, படம் பிடிப்பீர்களா? இல்லை என்று நேராகச் சொல்லாத இடத்துக்கு அனுப்பவே வேண்டாம்.

பிறகு போனது கன்னியாஸ்திரிகள் நடத்திய இடம். அங்கே உள்ளே எடுக்கும் முன்னமே ஆஸ்பத்திரித் துண்டு கேட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்து ஓடிக்கலோன், இருமல் சிரப் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஓடிக்கலோனை எதற்கு எடுத்தார்கள் என்று தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். குளிசை சிஸ்டரின் அலுமாரியில் இருக்கும், நேரத்துக்கு நேரம் கையில் தந்து விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். கிளினிக் நாளில் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

விடிய ஐந்து மணிக்கு ஜெபம். விருப்பமில்லாதவர்கள் விறாந்தையில் இருந்து அரிசியில் கல் பொறுக்கலாம், யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் தொடக்கத்தில் கல் பொறுக்கத்தான் போனேன், அதற்கும் விரல் ஒத்துழைக்கவில்லை. திருவலையில் தேங்காய் துருவ என்னை விடவில்லை, கையை அறுத்துக்கொள்வேன் என்று. ஒரு நாள் காலை சமையலுக்கு நின்ற அக்கா ஒன்றும் சொல்லாமல் பாதித் தேங்காயை என் பக்கம் தள்ளிவிட்டார். முழுவதும் துருவி முடித்தேன், பூவில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பைபிளில் ஒரு வசனம் இன்று எனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தேங்காய்ப்பூ ஞாபகம் இருக்கிறது.

பின்னேரத்தில் ஒரு சிஸ்டர் பன்னிரண்டு படிகள் சொல்லித் தருவார். அது 1935இல் அமெரிக்காவில் பங்கு வியாபாரம் செய்த ஒருவரும் ஒரு டொக்டரும் சேர்ந்து தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்களின் சங்கத்தினுடையது. இரண்டு பேருமே குடிகாரர்கள். எங்கள் பலத்தால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது முதல் படி. கடவுள் என்று வருகிற இடத்தில் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் இருக்கிறது. எங்களோடு இருந்த கொக்கட்டிச்சோலைக்காரி தான்தோன்றீஸ்வரரை நினைத்துத்தான் சொல்வாள். சிஸ்டர் அதற்கும் தலையாட்டுவார். நாம் நோகடித்தவர்களிடம் போய்ச் சரிசெய்துகொள்ளும் படி வந்தபோது, லோன்காரனிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டுமா சிஸ்டர் என்று ஒருத்தி கேட்டாள். அன்று சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னே பல வருடம் சிரிக்கவில்லை.

மாமாவின் பயத்துக்கு மருந்து லேசானது. காணியை எழுதிக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைக்க வேண்டும், ஜெபத்தில் தலையாட்டினால் காணி மாறாது. உறுதியோ பெர்மிட்டோ, அதை அம்மாவின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். ஆனால் அக்கா நாளைக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்பட்டால் அது அவருடைய விருப்பம். அதற்காக வீட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். திரும்பி வரக் கதவு இல்லாதவள்தான் திரும்பக் குடிப்பாள்.

சாய்ந்தமருது ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. எங்கள் பக்கம் பெண் போதைக்குப் பழகுவாள் என்றே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சாராயம் இல்லைதான், குளிசை இருக்கிறது. என் மைனிக்கு இடுப்பு நோவுக்கு எழுதிய குளிசை, நோவு போன பிறகும் போகவில்லை. பாவம் என்று நாங்கள் ஏசியதில் அவ ஒளிக்கப் பழகினதுதான் மிச்சம். கடைசியில் ஒரு மௌலவியின் மனைவி வந்து உட்கார்ந்து, மது கூடாது என்ற கட்டளையே ஒரே நாளில் இறங்கவில்லை, முதலில் தீங்குதான் அதிகம் என்று சொல்லி, பிறகு போதையோடு தொழ வராதே என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் முழுத் தடை வந்தது என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவ டொக்டரிடம் போகச் சம்மதித்தா. டொக்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்.

பிள்ளைகள் விஷயம்: பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். லோன், பிள்ளைகளின் படிப்பு இரண்டையும் அவரிடம் கதையுங்கள். கதை வெளியே போய்விடுமோ என்று பயந்தால், உங்கள் ஊர் ஆட்கள் அங்கே வராத நாளாகப் பார்த்துத் தனியாகப் போங்கள்.

தம்பிலுவில் தங்கச்சி:

எல்லோருக்கும் நன்றி. மிஸ்ஸி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டார். மாமாவுக்கு நொத்தாரிசு கதை பிடித்திருக்கிறது. இப்போது பிரச்சினை அக்காவிடம் எப்படித் தொடங்குவது என்பதுதான். கதை எடுத்தாலே எனக்கு ஒன்றுமில்லை என்கிறார். இன்னொன்று, வாங்கிக் கொடுப்பது யாரென்று தெரியும், பக்கத்து வளவுப் பொடியன்.

கல்லடிக்காரி:

காலையில் எழும்பின கையோடு பேசாதீர்கள், உடம்பு அப்போது கேட்பது ஒன்றைத்தான். இரவிலும் வேண்டாம், நாளைக்கு ஞாபகம் இருக்காது. காலையில் கை நடுக்கம் நின்று, அடுப்பு எரிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு நேரம் இருக்கும், பத்து மணி அளவில். அந்த நேரம் பார்த்துப் போய் மரக்கறி வெட்டிக்கொண்டு பேசுங்கள். குடியைப் பற்றித் தொடங்காமல் கிணற்றடியில் விழுந்ததைப் பற்றித் தொடங்குங்கள். அதற்கு அவரும் பயந்துதான் இருப்பார்.

பொடியனைப் பற்றி: பெண்ணுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்று 1979இல் இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள், சில நாளில் ஜனாதிபதி திரும்பவும் போடவைத்தார். அந்தச் சட்டத்தால் குடிக்காமல் விட்டவளை நான் கண்டதில்லை. ஒரு பொடியனைப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஆனால் இப்போதே அவனை ஏசி நிறுத்தாதீர்கள், மிஸ்ஸி சொன்ன ஆபத்து இதிலும் வரும். ஆஸ்பத்திரியில் அனுமதித்த பிறகு அவன் தாயிடம் போய்ப் பேசுங்கள். அக்கா வீடு திரும்பும் நாளில் அவன் வேலி ஓரம் நிற்கக் கூடாது. நான் திரும்பக் குடித்தது அப்படி ஒரு வேலி ஓரத்தில்தான்.

வார்ட் மிஸ்ஸி:

ஜெப வீட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களை வைத்துச் சிகிச்சை தரும் நிலையத்துக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் வேண்டும். ஜெபம் மட்டும்தான் செய்கிறோம், சிகிச்சை இல்லை என்று அவர்கள் சொன்னால், அப்படியானால் கிளினிக்குக்கு அனுப்புவீர்களா, குளிசையைக் கையில் தருவீர்களா, பிள்ளைகள் கிழமையில் ஒரு நாள் வந்து தாயைப் பார்க்கலாமா, அவர் போகவேண்டும் என்றால் கேட்டைத் திறப்பீர்களா என்று கேளுங்கள். பதில் திருப்தி என்றால் வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் நேரே அங்கே கொண்டுபோய் விடலாம். வீட்டில் தங்கிப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், வெறும் மட்டையும் சேர்த்து. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்பதை டொக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்தில் பாதியாகச் சொன்னால் மருந்தும் பாதியாகத்தான் எழுதுவார்கள். காலையில் வழக்கமாகக் குடிக்கும் அளவைக் குடிக்காமல் பஸ் ஏற்றாதீர்கள். வழியில் வலிப்பு வந்தால் கஷ்டம். முடிந்தால் அம்மாவை வீட்டில் பிள்ளைகளோடு விட்டுவிட்டு நீங்கள் கூட வாருங்கள்.

தம்பிலுவில் தங்கச்சி:

சரி மிஸ்ஸி. நாளைக்குப் பத்து மணிக்குக் கத்தரிக்காயோடு போகிறேன். மட்டைகளை இப்போதே தேடத் தொடங்கிவிட்டேன், அரிசிப் பானைக்குள்ளேயும் இருக்கிறது.