மறு: ‘காலாவதிப் பதிப்பு’ சரியான சொல்லா?

> மென்பொருள் மொழிபெயர்ப்புல எண்ட் ஆஃப் லைஃபுக்கு (அப்டேட் நின்னுபோன பதிப்புக்கு) ‘காலாவதிப் பதிப்பு’ போதுமே, மருந்து அட்டையில பாத்துப் பழகின சொல்லுதானே.

அண்ணே, எனக்கு ஒத்து வரல. காலாவதின்னா அந்தத் தேதிக்கப்புறம் ஓடாதுன்னு நெனச்சுக்கறாங்க. ஆனா ஜோரா ஓடும், அதுதான் வம்பே. மன்னார்குடி பக்கம் ஒரு கடையில பில் போடுற கம்ப்யூட்டர்ல இன்னும் உபுண்டுங்கற லினக்ஸ் இயங்குதளத்தோட 18.04 பதிப்புதான், அதுக்கு வழக்கமான அப்டேட் 2023 மே மாசத்தோட நின்னாச்சு, உபுண்டு ப்ரோன்னு தனிக் கணக்கு போட்டா இன்னும் கெடைக்கும், அவரு போடல, கேட்டா ‘ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல தம்பி’ங்கறாரு. நெசந்தான். பாதுகாப்புல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் இல்ல, அது கண்ணுக்குத் தெரியாது.

நம்ம டெல்டாவுல வயலுக்குத் தண்ணி கொண்டுபோற சி, டி வாய்க்கால் கதைதான். ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுக்குள்ள தூர் வாரலன்னாலும் தண்ணி வரத்தான் செய்யும், அப்புறம் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி கடைமடைக்கு ஏறாது. வாய்க்கால் செத்துப்போச்சுன்னு யாரும் சொல்றதில்ல, மராமத்து நின்னுபோச்சும்பாங்க. அதனால ‘மராமத்து நின்ற பதிப்பு’. டெபியன்ல (அதுவும் ஒரு லினக்ஸ்தான்) மூணு வருஷம் முடிஞ்சதும் எல்டிஎஸ்னு, அதாவது நீண்டகால ஆதரவுன்னு, வேற ஒரு கூட்டம் அஞ்சு வருஷம் வரைக்கும் இழுத்துட்டுப் போறாங்களே, அத குடிமராமத்துன்னே சொல்லலாம் (பாதி விளையாட்டுக்குத்தான்).

எல்லாரும் பயன்படுத்தறதுக்குன்னு வெளியிடற ஸ்டேபிள் பதிப்புக்கு ‘நிலையான’ன்னு போடறதும் கொழப்பம். என்னைக்கும் இருக்கும்னு ஆயிடுது. டெபியன்ல சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசு வந்து பழசு ஓல்டுஸ்டேபிள் ஆயிடும், ‘பழைய நிலையான பதிப்பு’ன்னு எழுதிப் பாருங்க, சிரிப்பு வருது. டெஸ்டிங்ங்கற சோதனைப் பதிப்புல கெடந்து தேறி வர்றதுதானே ஸ்டேபிள், ‘தேறிய பதிப்பு’ன்னு வைங்க. கடைக்காரர்ட்ட ‘தேறினத போடுங்க, மராமத்து நின்னத எடுத்துருங்க’ன்னா புரிஞ்சுக்குவாரு.

> மராமத்து அரபுலேர்ந்து வந்ததாச்சே தம்பி, ‘பேணல் நின்ற’ன்னா என்ன?

வைக்கலாம்ண்ணே, ஆனா பேணறதுன்னா எனக்கு வயசான அப்பா அம்மாதான் ஞாபகம் வர்றாங்க. ‘பராமரிப்பு’ம் வடமொழிதான், அத மட்டும் விட்டுட்டோமே. கொத்தனார்லேர்ந்து மதகு தொறக்கற பாசன லஸ்கர் வரைக்கும் வாயில பொழங்குற சொல்ல ஏன் தள்ளணும்? இப்போதைக்கு மொழிபெயர்ப்புக் கோப்புல ‘மராமத்து நின்ற பதிப்பு’ன்னே போட்டு வைக்கிறேன், எச்சரிக்கைப் பட்டையில எடம் பத்தலன்னா சொல்லுங்க, ‘மராமத்து இல்லை’ன்னு சுருக்கிடலாம்.