கொம்பா, சட்டியா? பயோடைனமிக் வெறும் மந்திரம் என்றவருக்குப் பதில்

எருக்குழி:
"பயோடைனமிக் என்பது மந்திர வேலை. மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பவருக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று கணக்கன் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ரசாயன உரம் போடாத இந்த வேளாண் முறையில்தான் 9 வருடமாக நான் தோட்டம் போடுகிறேன். தொடங்கியபோது கடப்பாரை இறங்காத மண். இப்போது வெறும் கையால் கிளறலாம், ஒரு பிடி அள்ளினால் மண்புழு நெளிகிறது. இந்த முறைக்கு அடிப்படை போட்ட ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924இல் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளில் கிரகம், பிரபஞ்ச சக்தி என்றெல்லாம் நிறைய உண்டு. அதை யாரும் நம்ப வேண்டாம். ஆனால் பண்ணை ஒரு உயிர் மாதிரி, அதற்கு வேண்டிய எரு அதன் மாடுகளிடமிருந்தே வரவேண்டும் என்றதும் அதே பேச்சில்தான். அதுவும் மந்திரமா?

கணக்கன்:
நான் எழுதியது கொம்பைப் பற்றி. மக்கிய எரு போட்டால் மண் திருந்தும், அதில் யாருக்கு என்ன சண்டை? என் கேள்வி ஒன்றுதான். அதே சாணத்தை, அதே நாளில், பக்கத்திலேயே ஒரு மண்சட்டியில் வைத்துப் புதைத்தால் என்ன ஆகும்? 9 வருடத்தில் ஒரு தடவையாவது செய்து பார்த்தீர்களா?

எருக்குழி:
சட்டி வேறு, கொம்பு வேறு. இலையுதிர் காலத்தில் புதைத்து வசந்தத்தில் எடுக்கும்போது கொம்புக்குள் சாண நாற்றமே இருக்காது. காட்டு மண் வாசனை வரும். அதை ஒரு தடவை முகர்ந்தவர் இப்படிப் பேசமாட்டார். ஆராய்ச்சிதான் வேண்டுமா? ஸ்விட்சர்லாந்தில் தெர்வில் என்ற இடத்தில் 1978இலிருந்து பயோடைனமிக், இயற்கை முறை, வழக்கமான முறை மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பயிர் செய்கிறார்கள். 21 வருட முடிவு 2002இல் வெளிவந்தது. வழக்கமான முறையைவிட மற்ற இரண்டிலும் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகத்தான் செலவாகின. மண்ணில் நுண்ணுயிர் அதிகமாக இருந்தது பயோடைனமிக் பாத்திகளில்தான்.

கணக்கன்:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அங்கே பயோடைனமிக் பாத்திக்குப் போட்டது நன்றாக மக்கிய தொழுவுரம். இயற்கை முறைப் பாத்திக்குப் போட்டது அரைகுறையாக மக்கிய எரு. வித்தியாசம் கொம்பால் வந்ததா, மக்கிய விதத்தால் வந்ததா? அப்புறம், சட்டிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பசலை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நிலா போகும் போக்கை வைத்து வேர் நாள், இலை நாள் என்று பிரித்து, எந்தப் பயிரை எந்த நாளில் விதைக்கலாம் என்று சொல்லும் மரியா துன் நாள்காட்டியைப் பார்த்துத்தான் நான் விதைக்கிறேன். வேர் நாளில் போட்ட முள்ளங்கி நன்றாகவே வருகிறது. 1963இலிருந்து வெளிவரும் நாள்காட்டி அது. ஒன்றுமே இல்லாமலா இத்தனை பேர் வாங்குகிறார்கள்?

கணக்கன்:
அதே முள்ளங்கியை இலை நாளிலும் ஒரு வரிசை போட்டுப் பாருங்கள் பசலை. சட்டி மாதிரிதான் இதுவும். ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் "நன்றாக வருகிறது" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

எருக்குழி:
பசலை அம்மாவை ஏன் மிரட்டுகிறீர்கள்? நாள்காட்டி பார்த்து விதைப்பதால் அவர் ஒரு ஒழுங்கோடு தோட்டம் செய்கிறார், அதுவே பெரிய லாபம். கொம்புக்கு வருகிறேன். அந்தச் சாணத்தைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் சுழி விழச் சுற்றுகிறேன், திசையை மாற்றி மறுபடி சுழி விழச் சுற்றுகிறேன். பிறகு தோட்டம் முழுக்க நடந்து தெளிக்கிறேன். நடக்கும்போதுதான் எந்தச் செடியில் அசுவினிப் பூச்சி, எந்த மூலையில் ஈரம் இல்லை என்று கண்ணில் படுகிறது. அது பலன் இல்லையா?

கணக்கன்:
அது நடந்ததன் பலன். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் அசுவினி கண்ணில் படும். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் சாணம் தெளிக்கிறீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம். அது மண்ணை என்ன செய்யும்?

எருக்குழி:
ஒரு குடம் பாலுக்கு எத்தனை உறைமோர் ஊற்றுகிறோம்? ஒரு கரண்டி. அது என்ன செய்யும் என்று யாராவது கேட்பார்களா?

மண்வெட்டி:
அண்ணே, பாலைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் உறை ஊற்றுகிறோம், அதில் போட்டிக்கு வேறு உயிர் அதிகம் இருக்காது. மண் அப்படி இல்லை. ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. புதிதாகப் போகிறவருக்கு அங்கே உட்கார இடம் ஏது?

எருக்குழி:
தம்பி மண்வெட்டி, போன வருடம் என் தக்காளி இலை மஞ்சளானபோது "நைட்ரஜன் குறைவு, உரம் போடுங்கள்" என்று அடித்துச் சொன்னது நீதானே? பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகல். அந்தப் படிப்பை நம்பி இந்தக் கணக்கையும் நம்ப வேண்டுமா?

மண்வெட்டி:
அன்றைக்கு நீங்கள் போட்ட படத்தில் வேரே தெரியவில்லை. இலையை மட்டும் காட்டிவிட்டு வேருக்கு என்னைக் குற்றம் சொல்வது நியாயமா? அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களே.

எருக்குழி:
12 செடி போனவனுக்கு மறக்காது. சரி, இதைக் கேளுங்கள். 2000இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு. பயோடைனமிக் தயாரிப்புகள் சேர்த்த எருக்குவியல் எட்டு வாரமும் சராசரியாக 3.4 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருந்தது, முடிவில் நைட்ரேட் 65 சதவீதம் அதிகம். கணக்கன் இதற்கு என்ன சொல்வார்?

கணக்கன்:
அந்தக் குவியலில் சேர்த்தது சாமந்தி வகைப் பூ, நெட்டில் செடி, ஓக் மரப்பட்டை மாதிரியான மூலிகைத் தயாரிப்புகள். பயோடைனமிக்கில் அவற்றுக்கு வைத்த எண் 502 முதல் 507 வரை. கொம்புச் சாணம் என்பது 500. நாம் பேசுவது கொம்பு. அதே ஆய்வாளர்கள் அதே வருடம் வயலிலும் பார்த்தார்கள். பயோடைனமிக் எரு போட்ட மண்ணுக்கும் சாதாரண எரு போட்ட மண்ணுக்கும் உயிரோட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சட்டி?

எருக்குழி:
எதைச் சொன்னாலும் சட்டி, சட்டி! 500ஓ 507ஓ, எல்லாம் ஒரே முறைதான். ஒரு விரலை மட்டும் வெட்டி மேசையில் வைத்துவிட்டு இது ஏன் அசையவில்லை என்று கேட்பீர்களா? என் மண் மாறியிருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன்.

பசலை:
இலை நாளில் ஒரு வரிசை முள்ளங்கி நான் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பாத்தியில் மதியத்துக்கு மேல் நிழல் விழும், பரவாயில்லையா?

மண்வெட்டி:
நிழல் விழுந்தால் ஒப்பீடே கெட்டுவிடும் பசலை. ஒரே பாத்தியைப் பாதியாகப் பிரியுங்கள்.

எருக்குழி:
பசலை, இவர்கள் பேச்சைக் கேட்டு நாளை மாற்றாதீர்கள். கணக்கனுக்குக் கடைசியாகச் சொல்கிறேன். இந்த வருடமும் கொம்பில்தான் புதைப்பேன். சட்டியில் புதைக்கமாட்டேன்.

கணக்கன்:
கொம்பை நிறுத்தச் சொல்லவில்லையே. பக்கத்தில் ஒரு சட்டியும் வையுங்கள் என்கிறேன். ஏன் மாட்டேன் என்கிறீர்கள்?

எருக்குழி:
என் குழி, என் இஷ்டம்.