புதுப்பிப்பு: ரோலண்ட் டிடி-50எக்ஸ் தேறுமா?

இவ்வளவு விலை கொடுத்து டிடி-50எக்ஸ் மாட்யூல் (தட்டுவதை ஒலியாக்கும் மூளைப் பெட்டி) வைத்த எலக்ட்ரானிக் டிரம் கிட் வாங்கலாமா, அடுக்ககத்தில் வைத்து வாசிக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். நண்பரின் ஸ்டுடியோவில் ஒரு மதியம் முழுக்க வாசித்துப் பார்த்தாயிற்று.

ஸ்னேர்தான் (கிட்டின் நடுநாயகமான டிரம்) ஆளை மயக்குகிறது. 14 அங்குல மெஷ் (தோலுக்குப் பதிலான வலை), யூஎஸ்பி கேபிளில் மாட்யூலோடு பேசுகிறது. குச்சி லேசாக உரசினாலும் அந்த கோஸ்ட் நோட்டை (காதுக்கு எட்டியும் எட்டாத மெல்லிய தட்டு) விழுங்கிவிடாமல் ஒலிக்கிறது. உள்ளங்கையை மெஷ் மேல் வைத்து விளிம்பில் தட்டினால், கை இருப்பதை உணர்ந்து கிராஸ் ஸ்டிக் (குச்சியை விளிம்பில் தட்டும் 'டொக்') ஒலிக்கு மாறிவிடுகிறது. 18 அங்குல ரைடு சிம்பலும் அப்படித்தான், தொட்டால் அடங்குகிறது.

ஹை-ஹாட்டை (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) பாதி திறந்து வாசிக்கும்போது ஒலி நம்பும்படி இருக்கிறது. ஆனால் குச்சிக்குக் கீழே இருப்பது ரப்பர், வெண்கலம் இல்லை. அது கைக்குத் தெரிகிறது.

அப்புறம் அடுக்ககம். மெஷ் சத்தம் பிரச்சினையே இல்லை. காலால் மிதிக்கும் கிக் பெடலின் அதிர்வுதான் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும், கிட் எந்த விலையாக இருந்தாலும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை போடச் சொன்னீர்களே, அதை முதலில் செய்கிறேன்.

இதே மாட்யூலோடு வரும் கிட்களில், மர ஷெல் (டிரம்மின் உடல்) வைத்த விஏடி706 அழகுதான். எனக்கு ரேக்கில் (உலோகச் சட்டம்) மாட்டும் டிடி-50கேவி2 போதும்.