அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால யு.எஸ். பெல்ட் பக்கிள்: அசலா, போலியா?

கரையோரவாசி (வினா):

வணக்கம். வர்ஜீனியா மாநிலத்தில், 1862 டிசம்பரில் பெரும்போர் நடந்த ஃபிரெடரிக்ஸ்பர்க் நகருக்கு அருகே குடியிருக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தையில், முட்டை வடிவத்தில், யு.எஸ். என்ற எழுத்துகள் புடைத்து நிற்கும் பித்தளை பக்கிள் ஒன்றை, ஒரு தனியார் வயலில் தோண்டி எடுத்தது என்று விற்பவர் சொன்னதை நம்பி வாங்கிவிட்டேன். முகப்பில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. பின்புறம் சாம்பல் நிற உலோகத்தால் நிரப்பப்பட்டு, ஒரு முனையில் இரண்டு கொக்கிகளும் மறுமுனையில் ஒன்றுமாக மூன்று கொக்கிகள் உள்ளன. மற்ற பகுதிகளைவிடக் கொக்கிகள் மட்டும் சற்றுப் புதிதாகத் தெரிவது உறுத்துகிறது. இது அசல்தானா என்பதை எப்படி அறிவது?

பித்தளைப்பித்தன்:

முகப்பை மறந்துவிட்டுப் பக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். 1839-ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த இந்தத் தகடுகள் மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, பின்புறக் குழிவில் காரீயக் கலவையை உருக்கி ஊற்றி, அது இறுகுவதற்குள் கொக்கிகளைப் பதித்துச் செய்யப்பட்டவை. ஆகவே பூதக்கண்ணாடியால் ஓரத்தைச் சுற்றிப் பார்த்தால், காரீயத்துக்கு வெளியே பித்தளையின் விளிம்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். முழுவதும் பித்தளையாகவே வார்க்கப்பட்டிருந்தால் அது பின்னாளைய நகல் என்று அப்போதே ஒதுக்கிவிடலாம். விரலால் தட்டிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும்: காரீயம் நிரப்பியது மந்தமாக ஒலிக்கும், வார்ப்புப் பித்தளை கணீரென்று ஒலிக்கும்.

ஆனால் நகல் செய்பவர்களும் காரீயம் நிரப்பத் தெரிந்தவர்கள்தாம் என்பதால், காரீயம் இருப்பது மட்டுமே சான்றாகாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த காரீயம் வெண்சாம்பல் பூத்து, ஆங்காங்கே நுண்குழிகள் விழுந்து கிடக்கும். அண்மையில் ஊற்றியதோ, கறுப்பேற்றப்பட்டிருந்தாலும், நகம் பட்ட இடத்தில் மினுங்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுரண்டினால் எழும் வெண்தூள் நஞ்சு. தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடவும் வேண்டாம், களிம்போடு சேர்த்து மதிப்பும் போய்விடும்.

அரக்குப்பெட்டி:

களிம்பைப் பற்றி ஒரு சொல். அம்மோனியா ஆவியில் வைத்தால் ஓரிரு நாளிலேயே பித்தளை பச்சை பூத்துவிடும். அப்படி வரவழைத்த பச்சை பெரும்பாலும் மேடு, பள்ளம் என்ற வேறுபாடின்றிப் படிந்து, ஈரப்பஞ்சால் ஒற்றினாலே கையோடு வரும்; மண்ணில் விளைந்ததோ உலோகத்தோடு ஒன்றிப் போயிருக்கும்.

அதைவிட முக்கியமானது, பழையது என்பதும் போர்க்காலத்தது என்பதும் ஒன்றல்ல என்பதே. 1961 முதல் 1965 வரை போரின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது விற்கப்பட்ட நகல்களுக்கே இன்று அறுபது வயது. அவற்றை இடுப்பில் கட்டித் திரிந்தவர்களால் ஏற்பட்ட உண்மையான தேய்மானம் அவற்றில் இருக்கிறது. எழுத்து ஆதாரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டிஃபனி, கேலார்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் பெயர்களைப் பொறித்த போலி பக்கிள்கள் புழக்கத்துக்கு வந்தபோது, அவற்றுக்குச் சான்றாகக் காட்டுவதற்கென்றே முன்தேதியிட்ட ஒரு நூலையும் அச்சிட்டு உலவவிட்டார்கள். பொய்க்குச் சாட்சியாக ஒரு நூலையே படைத்த அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான். "தனியார் வயல்" என்ற கதைக்கும் இதே நிலைதான். தேசியப் போர்க்களப் பூங்காவுக்குள் தோண்டுவது குற்றம் என்பதால், எந்த விற்பனையாளரும் வேறுவிதமாகச் சொல்லப்போவதில்லை.

பித்தளைப்பித்தன்:

கொக்கிகள் புதிதாகத் தெரிகின்றன என்று எழுதியதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வீரர்களின் தோட்டாப்பெட்டி மூடியிலும் இதே அளவில், இதே முகப்புள்ள தகடு இருந்தது. அதன் பின்புறம் கொக்கிகளுக்குப் பதிலாக இரண்டு கம்பி வளையங்கள் இருக்கும். பெல்ட் தகட்டுக்கு விலை கூடுதல் என்பதால், அந்த வளையங்களை அறுத்துவிட்டுக் கொக்கிகளைப் பற்றவைப்பவர்கள் உண்டு. கொக்கியின் அடியைப் பாருங்கள். காரீயம் அதைச் சுற்றிச் சமதளமாகப் பிடித்திருக்கிறதா, தனியாக ஒரு பற்றவைப்பு மேடு தெரிகிறதா?

கரையோரவாசி:

பகல் வெளிச்சத்தில் பத்து மடங்கு பூதக்கண்ணாடியால் பார்த்தேன். விளிம்பில் பித்தளைக் கோடு தெளிவாக இருக்கிறது, காரீயமும் வெண்சாம்பல் பூத்திருக்கிறது. ஆனால் மூன்று கொக்கிகளின் அடியிலும் மிளகளவில் பளபளப்பான மேடு உள்ளது. அவற்றுக்கு இடையே, ஒன்றுக்கொன்று நேராக, இரண்டு துருப்பிடித்த புள்ளிகளும் தென்படுகின்றன.

பித்தளைப்பித்தன்:

அந்தத் துருப்புள்ளிகள் வெட்டப்பட்ட இரும்பு வளையங்களின் அடித்தண்டுகளாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் தகடு அசல், பக்கிள் போலி. விற்றவரிடம் படங்களோடு சென்று பெல்ட் பக்கிளுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் மறுத்து, தகடு உங்களிடமே தங்கிவிட்டாலும், கொக்கிகளை நீக்க முயலாதீர்கள்; பற்றவைப்பை இளக்கச் சூடேற்றினால் காரீயமும் உருகி ஓடிவிடும்.