'ஒன் ஆஃப் தி' வந்தால் கம்பேரட்டிவ் எப்படி எழுதுவது?

கேள்வி
வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கில இலக்கணத்தில் டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசனில் (ஒப்பிடும் மூன்று நிலைகள்: பாசிட்டிவ் 'ஹை', கம்பேரட்டிவ் 'ஹையர்', சூப்பர்லேட்டிவ் 'ஹையஸ்ட்') ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மதிப்பெண் போகிறது. கொடுத்த வாக்கியம்: "கஞ்சன்ஜங்கா இஸ் ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் மவுண்டன்ஸ் இன் தி வேர்ல்ட்." இதைக் கம்பேரட்டிவாக மாற்றச் சொன்னால், "கஞ்சன்ஜங்கா இஸ் ஹையர் தன் எனி அதர் மவுண்டன் இன் தி வேர்ல்ட்" என்று எழுதுகிறாள். 'ஹையஸ்ட்' வந்தால் 'எனி அதர்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. நான் தமிழ் வழியில் படித்தவள், சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1 (ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்)
அம்மா, இலக்கணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மலையைப் பாருங்கள். எவரெஸ்ட் 8,849 மீட்டர், கே2 8,611 மீட்டர், கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். மூன்றாவதாக நிற்கும் மலைக்கு 'எனி அதர்' போட்டால், அது எவரெஸ்டையும் மிஞ்சிவிட்டது என்று ஆகிவிடும். வாக்கியத்தின் அமைப்பில் பிழை இல்லை, சொல்லும் செய்தி பொய்.

'ஒன் ஆஃப் தி' என்றால் முன்வரிசையில் உள்ள சிலவற்றில் ஒன்று, அவ்வளவுதான். அதைவிட உயர்ந்தவை இருக்கலாம். அதனால் கம்பேரட்டிவில் 'மோஸ்ட் அதர்' வரும்: "கஞ்சன்ஜங்கா இஸ் ஹையர் தன் மோஸ்ட் அதர் மவுண்டன்ஸ் இன் தி வேர்ல்ட்." பாசிட்டிவில் 'வெரி ஃபியூ': "வெரி ஃபியூ மவுண்டன்ஸ் இன் தி வேர்ல்ட் ஆர் அஸ் ஹை அஸ் கஞ்சன்ஜங்கா."

'எனி அதர்', 'நோ அதர்' இரண்டும் எவரெஸ்ட் மாதிரி தனியாக முதலிடத்தில் இருப்பதற்கு மட்டும். குழந்தை முதலில் 'ஒன் ஆஃப்' இருக்கிறதா என்று பார்க்கட்டும், மீதி தானாக வரும்.

பதில் 2
சார் சொன்னதோடு ஒன்று. இரண்டே பொருளை ஒப்பிட்டால் சூப்பர்லேட்டிவ் கிடையாது. "கே2 இஸ் ஹையர் தன் கஞ்சன்ஜங்கா" என்பதைப் பாசிட்டிவாக்கும்போது பெயர்கள் இடம் மாறும்: "கஞ்சன்ஜங்கா இஸ் நாட் அஸ் ஹை அஸ் கே2." போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேட்டவர்
ரொம்ப நன்றிங்க சார், இப்போது புரிகிறது. மகள் இன்னொன்று கேட்கிறாள்: 'அதர்' எதற்கு? "எவரெஸ்ட் இஸ் ஹையர் தன் எனி மவுண்டன் இன் தி வேர்ல்ட்" என்றால் போதாதா?

பதில் 1
நல்ல கேள்வி, கேட்டதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். உலகத்து மலைகளில் எவரெஸ்டும் ஒன்று. 'அதர்' இல்லாவிட்டால் எவரெஸ்ட் தன்னைவிடத் தானே உயரம் என்று ஆகும். தமிழில் "எல்லா மலைகளையும்விட உயரம்" என்றாலே நமக்குப் புரிந்துவிடுகிறது, அதனால் அந்தச் சொல் எளிதில் விடுபடுகிறது. ஆனால் "எவரெஸ்ட் இஸ் ஹையர் தன் எனி மவுண்டன் இன் ஆப்பிரிக்கா" என்பது சரி. எவரெஸ்ட் இருப்பது ஆசியாவில், அந்தக் கூட்டத்திலேயே அது இல்லை. அங்கே 'அதர்' போடக் கூடாது.

பயிற்சிக்கு ஒன்று: "கிளிமஞ்சாரோ இஸ் தி ஹையஸ்ட் மவுண்டன் இன் ஆப்பிரிக்கா." மற்ற இரண்டு டிகிரியிலும் எழுதச் சொல்லுங்கள்.

கேட்டவர்
எழுதிவிட்டாள் சார். "நோ அதர் மவுண்டன் இன் ஆப்பிரிக்கா இஸ் அஸ் ஹை அஸ் கிளிமஞ்சாரோ." "கிளிமஞ்சாரோ இஸ் ஹையர் தன் எனி அதர் மவுண்டன்ஸ் இன் ஆப்பிரிக்கா."

பதில் 1
முதலாவது முழுச் சரி. இரண்டாவதில் 'மவுண்டன்' என்று ஒருமையில் எழுதச் சொல்லுங்கள். இந்த வகை வாக்கியத்தில் 'எனி அதர்', 'நோ அதர்' பின்னால் ஒருமை, 'மோஸ்ட் அதர்', 'வெரி ஃபியூ', 'ஒன் ஆஃப் தி' பின்னால் பன்மை.