வரடேரோவில் பார்த்த ஒருவர், இன்னும் மனதில் நிற்பவர்

மழைக்காகம்:
கியூபாவின் கடற்கரை ஊரான வரடேரோவைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை, ரொறன்ரோவில் பாதிப் பேர் போய் வந்திருப்பீர்கள். வழக்கம்போல ஒரு பை நிறையச் சவர்க்காரம், பற்பசை, ஒரு போத்தல் டைலனோல் வலிக்குளிசை கொண்டுபோய், அறை துப்புரவாக்கும் அம்மாவிடம் கொடுத்தோம். அன்று பின்னேரம் கட்டிலில் துவாயால் செய்த அன்னம் இருந்தது. அதன் மூக்கில் மகனின் கறுப்புக் கண்ணாடி.

அடுத்த நாள் விடுதியின் பின்பக்கமாக நடக்கப் போனேன். பக்கத்து ஊரான கார்தெனாஸ் போகும் ஊழியர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். மடியில் அந்தப் பை. குளிசைகளை ஒவ்வொன்றாக எண்ணி, கடதாசித் துண்டுகளில் நாலு பெண்களுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பையை மூடிவிட்டார். நானும் கைபேசியைப் பார்ப்பதுபோலத் திரும்பிவிட்டேன். 'ஓலா' என்று ஸ்பானிஷில் ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம்.

சுருட்டுச்சாமி:
இதில் வருந்த என்ன இருக்கிறது? கொடுத்தாயிற்று, அவர் யாருக்கும் பங்கு வைக்கட்டும். ஏமாந்தது நான். கடற்கரையில் ஒருவர், மச்சான் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான் என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டினார். பற்றவைத்தால் சருகு நாற்றம்.

சரி, போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிப்ஸாக கனடியச் சில்லறைக் காசு கொடுக்காதீர்கள், அங்கே வங்கியில் அதை மாற்ற முடியாது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் இன்னொரு கனடியரிடம் நோட்டு கேட்டு நிற்க வேண்டும். ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சியூசி என்ற பழைய கியூபா பெசோ நோட்டு வீட்டில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும், 2021இல் அதை ஒழித்துவிட்டார்கள். சுருட்டை அரசுக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். பாதி நாள் வெளியே போய் முதலாம் அவென்யூவில் நடந்து பாருங்கள், ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அப்புறம் டார்ச் விளக்கு ஒன்று, கட்டாயம். மின்சாரம் போனால் விடுதியில் ஜெனரேட்டர் ஓடும், ஊருக்குள் ஓடாது.

தாம்பரத்தான்:
சுருட்டைப் பற்றி யார் கேட்டார்கள் சாமி? 'பங்கு வைக்கட்டும்' என்று நீங்கள் சொல்வது சுலபம். பிறர் பார்க்கப் பங்கு வைப்பது வேறு.

நான் பார்த்தது ஒரு பெரியவரை. காலை பஃபேயில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேத்திதான் ஆங்கிலத்தில் சொன்னாள்: தாத்தா கொத்தனார், தொண்ணூறுகளில் இந்தச் சுவரைப் பூசியது அவர்தான். 2008 வரை கியூபாக்காரர்கள் காசு கொடுத்தாலும் இந்த விடுதிகளில் தங்க முடியாது, தெரியுமல்லவா? விருந்தாளியாக அவர் உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை. ஓரிடத்தில் மட்டும் மறுபடி தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். பூச்சு விட்டிருக்கிறதாம்.

மழைக்காகம், அந்த அம்மாவை அப்புறம் பார்த்தீர்களா?

மழைக்காகம்:
இல்லை. அறை சுத்தமாக இருந்தது. துவாய் சதுரமாக மடித்து வைத்திருந்தது. மகன்தான், அன்னம் எங்கே என்று கேட்டான்.